நீலவல்லியின் பின்கால்

மார்ச் 17, திங்கள்

ஊர்காவற்றுறை. மூன்று நாள் வேலை. தேதி போட்டு எழுதிவைக்கிறேன். பிறகு நான் இழுத்தடித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

படகின் பெயர் நீலவல்லி. ஃபைபர், இருபத்தொரு அடி, வயது முப்பத்திரண்டு. நோர்வேயில் இருக்கும் தீவுக்காரர்கள் அங்கே யாரோ ஓடித் தீர்த்ததை வாங்கி அனுப்பியது. எட்டு வருடமாக மருத்துவமாதுவையும் கர்ப்பிணிகளையும் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஏற்றி இறக்குகிறது. எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். புரொப்பலர் பொருத்திய கால் பின்பலகைக்கு வெளியே, தண்ணீருக்குள் தொங்கும். இங்கே அதைப் பின்கால் என்கிறார்கள். திருத்த நேரமில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

முறைப்பாடு: திரும்பும்போது பின்பக்கம் உறுமல். ஒரு மாதமாக உறுமியிருக்கிறது. ஏறியவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பெப்ரவரி கடைசியில் நடுக்கடலில் நின்றுவிட்டது. உள்ளே எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். பயணிகள் படகு வந்து கட்டி இழுத்திருக்கிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

படகை நடத்தும் தீவுச் சங்கத்தின் தலைவர் குலவீரசிங்கம் ஐயா ஒரு படிவம் தந்தார். நோர்வேக்குப் போக வேண்டிய அறிக்கை. கடைசியில் இரண்டு கட்டங்கள்: ‘காரணம்’, ‘பொறுப்பாளர்’.

“ரெண்டாவதுதான் முக்கியம், தம்பி. அங்கை கூட்டத்திலை ஆர் பிழை எண்டுதான் கேப்பினம். ஓட்டியிலை பிழையெண்டா வேறை ஆளைப் போடச் சொல்லிப்போட்டினம்.”

நான் ஏப்ரல் 10க்குள் கொழும்பில் இருக்க வேண்டும். கட்டாரில் படகுத்தள வேலை கிடைத்திருக்கிறது. இப்போது வேலை செய்யும் கொழும்புத் தளத்தின் மனேஜர் குறை எதுவும் இல்லாத ஒரு சேவைக் கடிதம் தந்தால் போதும்.

இந்தப் பக்கம் முன்பு ஒருமுறை வந்திருக்கிறேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பனங்குற்றி போட்டு உருட்டி, எட்டுப் பேர் சேர்ந்து படகைக் கரைக்கு ஏற்றினோம். இரண்டு மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரம் எப்படி ஏற்றுவது என்ற பேச்சு.

ஓட்டியின் பெயர் பொனிப்பாஸ். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். பேச்சுக் குறைவு. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு “ஓமோம்” என்கிறார். இந்த ஆட்களோடுதான் எனக்குப் பொறுமை போகும். பிழையை ஒத்துக்கொள்கிறாரா, என்னைச் சமாளிக்கிறாரா என்று தெரிவதில்லை.

பின்காலில் இருந்த துத்தநாகக் கட்டிக்கு அழகாக நீல வர்ணம் அடித்திருக்கிறார்கள். மூன்று பூச்சு.

“அண்ணை, உதுக்கு ஆர் பெயின்ற் அடிச்சது?”

“வடிவாய் இருக்கெல்லே? போட்டின்ரை அதே நீலம்.”

“அது கரையிறதுக்கெண்டு வச்சது! உப்புத்தண்ணி அதைத் திண்டாத்தான் மிச்ச இரும்பை விடும். நீங்கள் அதுக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்கிறியள்.”

“ஓமோம்.”

படகின் நிழலில் இருந்த மிஸ்ஸி சிரித்தார். தயாளினி மிஸ்ஸி, மருத்துவமாது. படகு இல்லாததால் பயணிகள் படகுக்குக் காத்திருந்தார்.

“தம்பி, நீர் பிரசவ விடுதியிலை வேலை செய்திருந்தா ஒரு பிள்ளையும் வெளியிலை வந்திராது. உந்தச் சத்தத்துக்குப் பயந்து உள்ளுக்கையே இருந்திருக்கும்.”

இன்னொன்று. படகை நான் பார்க்கும்போது பின்கால் முழுக்க மேலே தூக்கியபடி இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் அப்படித்தான் தூக்கி விடுகிறாராம். வெளியே மாட்டும் எஞ்சினுக்கு அது சரி, மீன்பிடிப் படகுகளில் எல்லோரும் செய்வது. இந்தக் காலுக்கு அதுவே பிழை. பின்பலகையும் காலும் சேரும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு றப்பர் துருத்தி இருக்கிறது. காலைத் தூக்கினால் அது ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் நசுங்கும். அப்படியே வெயிலில் விட்டால் மடிப்பு வெடிக்கும். வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும்.

இது அடிப்படை. முதலாம் ஆண்டுப் பாடம்.

மார்ச் 19, புதன்

கியர் ஒயிலை இறக்கினேன். பால்தேத்தண்ணி நிறம். புரொப்பலர் தண்டில் ஒரு கைப்பிடி மீன்பிடித் தங்கூசி நூல் சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் றப்பர் சீலை அறுத்திருந்தது. அந்த வழியாலும் தண்ணீர்.

ஆறு நட்டில் நான்கு கழன்றன. இரண்டு கழலவில்லை. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, திட்டி, மூன்று மணிக்கு எடுத்தேன். காலைப் பிடித்து இறக்கப் பொனிப்பாஸ் அண்ணை வந்தார். ஐம்பது கிலோ இருக்கும். குழந்தையை வாங்குவதுபோல மார்போடு சேர்த்து வாங்கினார்.

நினைத்ததுதான். துருத்தியில் மேல் மடிப்பு நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே உப்பு, துரு, ஒரு சின்ன நண்டு. பெயரிங் கையால் சுற்றினால் மணல் அரைப்பதுபோல அரைகிறது. யூனிவர்சல் மூட்டுகள் இறுகிவிட்டன.

காரணம் தெளிவு. அறிக்கையை இன்றே எழுதலாம்.

சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அட்டை ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் ஆணி அடித்து, உப்பில் மங்கிப்போய். கழற்றினேன். எறிய வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

அறிக்கை எழுதவில்லை. வெயில்.

மார்ச் 21, வெள்ளி

துருத்தி, பெயரிங், சீல், மூட்டு எல்லாம் கொழும்பில் இல்லை, சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், பத்து நாள். கேட்டதும் போனை மணலில் எறிந்தேன். பிறகு எடுத்து ஊதினேன்.

செய்ய ஒன்றுமில்லை. பங்குனிக் கடல் அசையவே இல்லை. சோழகக் காற்று தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதாம். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பதினொரு மணிக்குப் பிறகு எழுவைதீவு தண்ணீரை விட்டு எழும்பி நிற்கிறது. அடியில் ஒரு வெள்ளிக்கோடு, அதற்கு மேலே பனைகள், ஒன்றிலும் தொடாமல். சூடான காற்றடுக்கில் ஒளி வளைவதால் வருவது, வேறொன்றுமில்லை. இருந்தும் ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மணிக்கூட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மதியம் படகுக்குள்ளே படுத்தேன். உள்ளே பழைய நோர்வே மரத்தின் மணம். கரையில் ஏற்றிய படகு, தண்ணீர் முப்பது அடி தள்ளி. ஆனால் காதைப் பலகையில் வைத்தால் அலை தட்டும் சத்தம் கேட்கிறது. ஃபைபருக்கு ஞாபகம் கிடையாது. ரத்த ஓட்டத்தின் சத்தமாக இருக்கும்.

தரை முழுக்கத் தடித்த றப்பர் விரிப்பு. படுக்க வசதி.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து மிஸ்ஸி கஞ்சி கொண்டுவந்தார். அவர் சைவம். ஆனால் ஞாயிறு பூசைக்குப் போகிற கத்தோலிக்கரைக் கோவில் வாசலில் பிடித்துத்தான் கிளினிக்குக்கு வரச் சொல்ல முடியுமாம்.

“அறிக்கை எழுதியாச்சோ?”

“இல்லை.”

“என்னெண்டு எழுதப் போறீர்?”

“உண்மையை. தினம் தினம் காலைத் தூக்கி விட்டிருக்கிறார். துருத்தி வெடிச்சது அதாலைதான். உறுமின பிறகும் நிப்பாட்டேல்லை. ரெண்டு பிழை.”

மிஸ்ஸி கஞ்சிக் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

“அந்தாள் மூண்டு வருசமாய்க் கச்சதீவுப் பெருநாளுக்குப் போகேல்லை, தெரியுமோ? பிறந்ததிலையிருந்து ஒரு வருசமும் விடாத மனிசன். போனா ஒரு இரவு அங்கை தங்கவேணுமெல்லே. ‘பின்காலை ஆர் தூக்கிறது?’ எண்டுபோட்டு நிண்டிட்டார். இஞ்சை அந்தோனியார் கோவில் கொடியேற்றத்திலையும் பாதியிலை எழும்பி ஓடுவார். நாங்கள் பகிடி பண்ணுவம், மனிசியின்ரை காலைக்கூட உப்பிடிப் பாக்கமாட்டீர் எண்டு.”

“மூண்டு வருசமாயோ?”

“ஓம். கொழும்பிலையிருந்து ஆரோ இஞ்சினியர்மார் வந்து சேர்விஸ் செய்திட்டுப் போனவை. அவை சொன்னதாம்.”

கஞ்சியில் உப்புக் குறைவு. அதை அவரிடம் சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

அட்டை இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இங்கே குப்பை போட ஒழுங்கான இடமில்லை.

மார்ச் 25, செவ்வாய்

துத்தநாகத்தில் இருந்த நீலத்தைச் சுரண்டினேன். பின்பலகையைக் கழுவினேன். அதில் பதித்த உலோகத் தகட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். துருவெல்லாம் போன பிறகு உலோகம் மங்கலாக, முகம் பார்க்கலாம்போல இருந்தது. பார்க்கவில்லை.

பொனிப்பாஸ் அண்ணை எனக்கு முதுகு காட்டி நின்று வலையொன்றைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். “அண்ணை, அந்தப் பதின்மூண்டு ஸ்பானரை எடுங்கோ” என்றேன். அசையவில்லை. இரண்டாம் தரம் கத்தினேன். தூரத்தில் நின்ற நாய் திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பவில்லை.

மூன்றாம் தரம் நான் கூப்பிடவில்லை.

மார்ச் 26, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பழைய பெயரிங்கை அடித்து எடுக்கமுன், அது எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கும் முறை எளிது: நீண்ட ஸ்குறூட்ரைவரின் நுனியைப் பெயரிங் இருக்கும் கூட்டில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, இரும்புத் தண்டை உள்ளே விட்டுச் சுற்ற வேண்டும். உள்ளிருக்கும் ஒவ்வொரு குண்டும் தனித்தனியாகக் கேட்கும். நான் கேட்டேன். அரைவை.

“நீங்களும் கேளுங்கோ” என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பிடியை நீட்டினேன். சோதிக்கத்தான் செய்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன்.

அவர் வாங்கினார். காதில் வைக்கவில்லை. பிடியை வாய்க்குள் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை மூடினார். நான் தண்டைச் சுற்றினேன்.

அவர் முகம் மாறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் புருவம் சுருங்கியது. பிறகு, இருட்டு அறைக்குள் நிற்கிற ஒருவருக்கு மெல்ல மெல்ல வெளிச்சம் பழகுவதுபோல. நான் நிறுத்தினேன். இன்னும் சுற்று என்று கையைக் காட்டினார். சுற்றினேன். பின்னேர வெயில் பின்பலகையின் ஓட்டைக்குள்ளால் எஞ்சின் அறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. தூசி மிதந்தது. பத்து நிமிடம் சுற்றியிருப்பேன். கெட்டுப்போன ஒரு பெயரிங்கை அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

“பாவம். இவ்வளவு கத்தியிருக்கு.”

சின்ன வயதில், சண்டைக் காலத்தில், வீட்டு வளவில் செல் விழுந்து வெடித்ததாம். இடது காது முற்றாகப் போய்விட்டது. வலதில் பக்கத்தில் நின்று பேசினால் கொஞ்சம். மிச்சம் உதட்டைப் பார்த்து. எலும்பு வழியாக வரும் சத்தம் மட்டும் முழுதாகக் கேட்கும். சங்கத்துக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும்.

“அப்ப எட்டு வருசமாய் எப்பிடி ஓடினியள்?”

சிரித்துக்கொண்டு வெறுங்காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார். வெடிப்பு வெடிப்பாக, கறுத்து.

“எனக்குக் காது இதுதான். இஞ்சின் ஒரு துளி மாறினாலும் பலகையிலை வரும். குதிக்காலிலை வந்தா இஞ்சின், விரலிலை வந்தா பின்கால்.”

“அப்ப இந்த உறுமல்?”

“தெரியேல்லை, தம்பி. தைமாசத்திலையிருந்து எனக்குப் போட் ஒண்டும் சொல்லேல்லை. வயசு போகுது, காலும் செவிடாய்ப் போச்சாக்கும் எண்டு நினைச்சன்.”

தை மாசம். நான் கீழே பார்த்தேன். றப்பர் விரிப்பு. ஒரு அங்குலத் தடிப்பு.

மார்ச் 27, வியாழன்

மிஸ்ஸியிடம் கேட்டேன். தை மாதம் ஒரு கர்ப்பிணி ஈரப் பலகையில் சறுக்கி விழப் பார்த்தாளாம். மிஸ்ஸி சங்கத்தோடு சண்டை பிடித்து அந்த விரிப்பை வாங்கிப் போட்டிருக்கிறார். உறுமல் தொடங்கியதும் அதே மாதத்தில்தான்.

அவர் உள்ளங்காலால் கேட்பதைச் சொன்னதும் மிஸ்ஸி தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார்.

“ஐயோ, நான் அந்தாளின்ரை காதுக்கை பஞ்சை அடைஞ்சிட்டன்.”

“அப்ப உங்களுக்குத் தெரியும், கேளாதெண்டு.”

“தெரியாமல்? எட்டு வருசமாய் அவரின்ரை இடப்பக்கம் இருந்துதானே போறன். வேறை போட் ஹோர்ன் அடிச்சா தோளிலை தட்டுவன்.”

அந்தத் தோள் தட்டலை இறங்குதுறையில் இரண்டுபேர் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். நானும் வேறு மாதிரித்தான் நினைத்திருந்தேன்.

ஆக இரண்டாவது பிழை அவருடையது இல்லை. யாருடையதும் இல்லை என்றே எழுதலாம்.

முதலாவது இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

கனவில் நான் துருத்தியின் மடிப்புக்குள் படுத்திருக்கிறேன். மூன்று வருடமாக யாரோ தினமும் மாலையில் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், மிகுந்த கவனத்தோடு, வலிக்காமல்.

மார்ச் 30, ஞாயிறு

அட்டையில் உள்ளதை இங்கே எழுதிவிடுகிறேன்.

‘தினமும் வேலை முடிந்ததும் காலை முழுவதுமாக மேலே தூக்கி விடவும். மறக்கக்கூடாது.’

‘மறக்கக்கூடாது’ என்பதற்குக் கீழே இரண்டு கோடுகள். ‘ழு’வின் வால் வலப்பக்கம் நீளமாக ஓடும் எழுத்து. இந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்த வால் இருக்கிறது.

2022, ஜூலை. நான் பயிற்சியில் இருந்தேன். எங்கள் தளத்திலிருந்து மூன்றுபேர் வந்தோம். எல்லோருக்கும் அவசரம், பின்னேர பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஓட்டி ஏதோ கேட்டார். சிப்பி ஒட்டுது, என்ன செய்யிறது என்று கேட்டிருக்கலாம். பெரியவர்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே மாட்டும் எஞ்சினுக்குச் சொல்வதை அப்படியே சொன்னேன். அவர் என் வாயையே பார்த்தார். விளங்கவில்லை என்று நினைத்து எரிச்சல்பட்டு, ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் அதற்கு உறை போட்டு, ஆணி அடித்து வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சாமான் வந்தது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துணியில் அடுக்கினேன். புதுத் துருத்தியின் றப்பர் மணம். வேலை செய்வது நல்லது.

ஏப்ரல் 2, புதன்

பெயரிங்கைப் பனியில் வைத்துச் சுருங்கச் செய்து இறக்கினேன். இறங்குதுறை ஐஸ் பெட்டியில் சீலா மீன்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடந்தது. சுத்தியல் அடி இல்லாமலே போய் உட்கார்ந்தது. துருத்தியைப் பசை பூசி மாட்டி, பட்டி இறுக்கினேன். நேர் பார்க்கும் அளவுத் தண்டை உள்ளே விட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஒரு பக்கம் பதிந்திருந்தது. பழைய நான் என்றால் இது போதும் என்று விட்டிருப்பேன். நாலு தரம் எஞ்சினை உயர்த்தி இறக்கி, தண்டு இரண்டு விரலால் தள்ளப் போய்வரும் வரைக்கும் செய்தேன். இருட்டப் பார்த்தது.

சூட்டு எச்சரிக்கை மணியின் வயரில் ஒரு சிவப்பு விளக்கையும் இணைத்து, சுக்கானுக்கு நேரே பொருத்தினேன். எஞ்சின் சத்தத்தில் அந்த மணி எவருக்கும் கேட்காது. விளக்கு நியாயமான திருத்தம். அறிக்கையில் எழுதலாம்.

பிறகு கத்தியை எடுத்து, சுக்கானுக்குப் பின்னால் விரிப்பில் இரண்டு பாதத்துக்கு அளவாக ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். பலகை தெரிந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். தலைவர் வீட்டு விறாந்தையில் அவர், மிஸ்ஸி, பொனிப்பாஸ் அண்ணை, நான்.

தலைவர் கண்ணாடி போட்டு வாசித்தார். உதடு அசைந்தது. ‘காரணம்: 2022 ஜூலையில் வழங்கப்பட்ட பிழையான எழுத்து அறிவுறுத்தல்.’ நின்றார். ‘பொறுப்பாளர்: செ. யதுர்சன், அப்போதைய பயிலுநர்.’

“இது ஆர் யதுர்சன்?”

“நான்தான் ஐயா.” அட்டையை மேசையில் வைத்தேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உம்மை நாங்கள் பிழை கண்டுபிடிக்கத்தானே கூப்பிட்டனாங்கள்?”

“ஓம். கண்டுபிடிச்சிட்டன்.”

மிஸ்ஸி வேறு பக்கம் திரும்பினார்.

“சரி, அது கிடக்கட்டும்” என்றார் தலைவர். “ஒரு மாசமாய் உறுமியிருக்கு. இவருக்குக் கேக்கேல்லையோ?”

 காது இயந்திரப் பகுதி இல்லை, அதனால் எழுதவில்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்லவும் வராது. பொனிப்பாஸ் அண்ணை தலைவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பினார். சாரத்தை மடிப்பிலிருந்து இறக்கி விட்டார்.

“கேக்கேல்லை, ஐயா. எனக்கு இடது காது இல்லை. வலதிலை கொஞ்சம். சொல்லாமல் விட்டது என்ரை பிழை. வேறை ஆளைப் போடுறதெண்டாப் போடுங்கோ. ஆனா பழக்கிப்போட்டுத்தான் போவன். நீரோட்டம் தெரியாதவன் பிள்ளைத்தாச்சியை ஏத்தக்கூடாது.”

 தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பொனிப்பாஸ் அண்ணையின் வலப்பக்கம் போய், காதோடு குனிந்து சொன்னார்:

“உமக்குக் காது கேளாதெண்டு எழுவைதீவிலை இருக்கிற கோழிக்கும் தெரியும், காணும். கேளாததுக்குத்தானே மிஸ்ஸியை இடப்பக்கம் இருத்தினது. இருக்கையை மாத்திப் போட்டது நான். உம்மடை வாயாலை வரட்டும் எண்டுதான் இப்ப கேட்டனான்.”

பொனிப்பாஸ் அண்ணை சாரத்தைத் திரும்ப மடித்துக் கட்டினார். எட்டு வருட ரகசியம். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

“பேந்து ஏன் ஐயா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னனாங்கள். உமக்குக் கேக்கேல்லை” என்றார் மிஸ்ஸி.

தலைவர் படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். தனியே ஓடக்கூடாது, எந்நேரமும் இன்னொரு ஆள் கூட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். ஓட்டி மாற்றம் தேவையில்லை என்று இன்னொரு வரி.

ஏப்ரல் 4, வெள்ளி

பிரதியை மனேஜருக்கும் அனுப்பியிருந்தேன். காலையில் போன் வந்தது. தளத்தின் பெயரை நான் கெடுத்துவிட்டேனாம். சேவைக் கடிதம் இப்போதைக்கு இல்லை. கட்டார்க்காரன் பத்தாம் தேதிக்கு மேல் காத்திருக்க மாட்டான்.

கோபமாக இருக்கிறது. யார்மேல் என்று எழுத வேண்டிய இடத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் எழுவைதீவு எழும்பி நின்றது. பார்த்தேன்.

ஏப்ரல் 5, சனி

பின்காலைத் திரும்பப் பூட்டி, படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டம் பார்த்தோம். பொனிப்பாஸ் அண்ணை சுக்கானில், வெட்டிய சதுரத்தில் வெறுங்காலோடு. மிஸ்ஸி இடப்பக்கம். நான் பின்னால், எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு.

கடல் கண்ணாடி. கீழே புற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாங்கள் மேலே பறந்து போவதுபோல. இடம், வலம், முழு வேகம், முழுத் திருப்பம். எனக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவரைப் பார்த்தேன். விரல்களை விரித்துப் பலகையில் அழுத்தினார். திரும்பவும் ஒரு வட்டம் எடுத்தார், தேவையே இல்லாமல். இன்னொன்று.

“என்ன சொல்லுது?” என்று முகத்துக்கு நேரே போய்க் கேட்டேன்.

“நித்திரை கொள்ளுது” என்றார்.

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் சதுரத்தின் ஓரத்தில் ஒரு காலை வைத்தேன். மெல்லிய நடுக்கம். எனக்கு அதில் ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை. இருந்தும் எடுக்கவில்லை.

எழுவைதீவு நெருங்க நெருங்கத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தது. வெறும் தீவு. பனை, கோவில், ஆடு. இறங்குதுறையில் தேத்தண்ணி தந்தார்கள். மிஸ்ஸி ஒரு வீட்டுக்குள் போனார். பெப்ரவரியில் படகில் இருந்த பெண்ணின் வீடு. பிள்ளை பிறந்து மூன்று வாரம்.

அப்போது கேட்டேன். “அண்ணை, அட்டை எழுதினது நான் எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?”

“நீர் வந்த அண்டைக்கே. கத்தேக்கை வாய் ஒரு பக்கம் கோணும். அந்த வாயை நான் மறப்பனோ?”

“அப்ப ஏன் சொல்லேல்லை? நான் எல்லார் முன்னாலையும் உங்களைப் பேசேக்கை?”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“நீரும் அப்ப சின்னப் பிள்ளை. நான் கேட்டதுக்கு நிண்டு பதில் சொன்னது நீர் ஒராள்தான். மற்ற ரெண்டு பேரும் திரும்பிக்கூடப் பாக்கேல்லை.”

கோப்பையை நான் கழுவி வைத்தேன்.

மாலையில் ஊர்காவற்றுறைக்குத் திரும்பிக் கட்டினோம். எஞ்சினை அணைத்தார். கை தானாகவே தூக்கும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார்.

“விடுங்கோ” என்றேன். “கீழை கிடக்கட்டும்.”

“ஓமோம்.”

இந்த முறை அந்த ஓமோமில் நம்பிக்கையே இல்லை. இறங்கி நடந்தோம். கோவில் வரை போய்விட்டு, பீடியை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனார். சந்தி வரை வந்து, கயிறு சரியாகக் கட்டினேனோ என்று இன்னொரு முறை போனார். மூன்று வருடப் பழக்கம்.

“வாற வருசம் கச்சதீவுக்குப் போகலாம்” என்றேன், உதடு தெரிய. “ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை.”

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

சூரியன் முழுதாக விழமுன் நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கீழேதான் இருக்கிறது.